உங்கள் அறிக்கைக்குப் பிறகு எங்களுக்கு நேர்வது

வேலையிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க நிறுவனங்களில் இயங்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில் தலைவராகவும் உறுப்பினராகவும், நிறுவனத்தைச் சாராத வெளி உறுப்பினராகவும் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

இதை அரசுக்கோ நீதிமன்றத்துக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். வேலையிடத்தில் தனக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலைப் பற்றி ஒரு பெண் வாய் திறந்தால், அதன்பிறகு அவள் வேலை என்ன ஆகும், சம்பளம் என்ன ஆகும், உடம்பு என்ன ஆகும் என்பது பெரும்பாலும் உங்கள் மேசையில்தான் முடிவாகிறது. காவல் நிலையம் வரை போகிறவர்கள் மிகக் குறைவு. வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குக் கணிசமான அதிகாரம் தந்திருக்கிறது. அதை நீங்கள் விசாரணை நடத்த மட்டும் பயன்படுத்துகிறீர்கள். 90 நாளுக்குள் விசாரணையை முடித்து, அடுத்த 10 நாளில் நிர்வாகத்திடம் அறிக்கை கொடுத்ததும் உங்கள் கோப்பு மூடப்படுகிறது. புகார் கொடுத்தவள் அதன் பிறகுதான் விலை கொடுக்கத் தொடங்குகிறாள். அந்த விலையைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். என் மேலாளருக்கு எதிராகப் புகார் கொடுத்தேன். குழு கூடியது, சாட்சிகளை அழைத்தது, என் புகார் உண்மை என்று எழுதியது. அந்த வரிக்காக அந்தக் குழுவுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பல பெண்களுக்கு அது கூடக் கிடைப்பதில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேறு தளத்துக்கு மாற்றினார்கள். அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த மாதம் என்னை நான் பார்த்துக்கொண்டிருந்த புராஜெக்டிலிருந்து எடுத்தார்கள். கிளையன்ட் மாற்றம் என்றார்கள். எந்தப் புராஜெக்டும் தராமல் ‘பெஞ்சில்’ உட்கார வைத்தார்கள். வேறு புராஜெக்டுக்கு நேர்காணல் வைக்கும்போதெல்லாம் கடைசி நேரத்தில் “டீம் ஃபிட் இல்லை” என்று பதில் வரும். ஆண்டு வேலை மதிப்பீடான அப்ரைசல் வந்தது. பெஞ்சில் இருந்தவளுக்குக் காட்ட என்ன வேலை இருக்கும்? ரேட்டிங் இறங்கியது, அதனால் இன்கிரிமென்ட் இல்லை, போனஸ் குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் அலுவலக நடைமுறையில் ஒரு காரணம் இருந்தது. எந்தத் தாளிலும் என் புகார் பற்றி ஒரு சொல் கிடையாது.

இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். புகார் கொடுத்ததற்கான தண்டனை குற்றம் செய்தவரின் கையிலிருந்து வருவது அபூர்வம். ஷிஃப்ட் அட்டவணையிலும், ரேட்டிங்கிலும், இடமாற்ற உத்தரவிலும், புதுப்பிக்கப்படாத ஒப்பந்தத்திலும் அது வருகிறது. கையெழுத்துப் போடுகிறவருக்கு என் பெயரே தெரியாமல் இருக்கலாம். அதனால் அதைத் தண்டனை என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை, நீங்களும் பார்ப்பதில்லை.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மேசையில் ஆறேழு பேர் டப்பாவைத் திறந்து பங்கிட்டுச் சாப்பிடுவோம். யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. ஒவ்வொருவராக வேறு நேரத்துக்குப் போனார்கள். ஆண்கள் லிஃப்டில் நான் ஏறினால் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குச் சாட்சி சொன்ன பெண்ணின் பிரொமோஷன் அந்த வருடம் நின்றுபோனது. அவள் என்னிடம் ஒருநாள், “அக்கா, இனிமே நாம வெளில பாத்துக்கலாம், உள்ள பேச வேண்டாம்” என்றாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. சாட்சிகளுக்கு நேர்வதை எந்தக் குழுவும் தொடர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. அடுத்த புகாரில் யாரும் சாட்சி சொல்ல முன்வராவிட்டால், அதற்கான காரணத்தை இங்கே தேடுங்கள்.

உடம்பும் கணக்குக் கேட்டது. தூக்கம் போனது, காலையில் அலுவலகப் பேருந்தில் ஏறும்போதே வயிறு பிசையும். மனநல மருத்துவரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கட்டணம், மாத்திரை, அரை நாள் விடுப்பு. விடுப்பு தீர்ந்ததும் சம்பளம் பிடித்தார்கள். வீட்டுக் கடனுக்கான தவணை எனக்காகக் காத்திருக்காது. அம்மாவிடம் முதலில் சொல்லவில்லை. சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. “வேற வேலை பாத்துக்க பாப்பா, யாருக்கும் சொல்லாத” என்றார். சொந்தக்காரர் கல்யாணத்தில் யாராவது “இன்னும் அதே கம்பெனிதானா?” என்று கேட்டால் எனக்கு முன்னால் அவர் பதில் சொல்லிவிடுவார். என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு பெண் புகார் கொடுத்தால் அதன் செலவில் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் பங்கு வருகிறது.

கடைசியில் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ராஜினாமாக் கடிதத்தில் “சொந்தக் காரணங்கள்” என்று எழுதச் சொன்னார்கள். ரிலீவிங் லெட்டர் வேண்டுமே என்று எழுதினேன். அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் நான் இன்றும் சொந்தக் காரணத்துக்காகப் போனவள். புதிய இடத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது உண்மையைச் சொல்ல முடியவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை. முன்பு வாங்கியதை விடக் குறைவான சம்பளத்துக்குச் சேர்ந்தேன். அந்த மேலாளர் பழைய நிறுவனத்திலேயே, வேறு தளத்தில், இருக்கிறார்.

என் கதை தனிக்கதை இல்லை என்பதற்குப் பொதுவெளியில் இருக்கும் சிலவற்றை எடுத்துச் சொல்கிறேன்.

இந்தச் சட்டம் பிறந்த வழியையே பாருங்கள். ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் பன்வாரி தேவி அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்ற களப்பணியாளராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவர் வேலையின் ஒரு பகுதி. அந்த வேலையைச் செய்ததற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். புகார் கொடுத்தார். ஊர் அவரை ஒதுக்கி வைத்தது. மண்பாண்டம் செய்கிற குடும்பம் அவருடையது. அவர்களிடம் பானை வாங்க மறுத்தார்கள், அவர்களுக்குப் பால் விற்க மறுத்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் 1997இல் வேலையிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க அந்த நீதிமன்றம் வகுத்த விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அவைதான் 2013இல் சட்டமாயின. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி, பானை விற்க முடியாமல் போன ஒரு பெண்ணால் வந்தது. புகார் கொடுத்தவரின் பிழைப்பில் கைவைப்பது இந்தச் சட்டத்தை விடப் பழைய வழக்கம்.

பதவி உயர்ந்தால் பாதுகாப்பு வரும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு பெண் ஐபிஎஸ் அதிகாரி, சிறப்பு டிஜிபி பொறுப்பில் இருந்தவர் மேல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்தார். அவரே ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். செங்கல்பட்டுக்கு அருகே பரனூர் சுங்கச்சாவடியில், இன்னொரு மாவட்டத்தின் எஸ்பி போலீஸ் படையுடன் நின்று அவர் காரை மறித்தார். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கைக் கண்காணித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் முன்னாள் சிறப்பு டிஜிபிக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது, காரை மறித்த எஸ்பிக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. அவருக்குச் சீருடை இருந்தது, சட்டம் தெரிந்திருந்தது, உயர் நீதிமன்றம் கவனித்தது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. அவர் காரையே மறிக்க முடிந்ததென்றால், அவள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தடுத்துவிட முடியும்.

பாடகி சின்மயி 2018 அக்டோபரில் திரைத்துறையில் நடப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அடுத்த மாதமே டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் அவருடைய உறுப்பினர் தகுதி போனது. சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். அவர் யார் யார் பெயரைச் சொன்னாரோ அவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள், அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. நான் பார்ப்பது ‘சந்தா’ என்ற அந்தக் காரணத்தை. எனக்கு ‘டீம் ஃபிட்’, அவருக்குச் சந்தா. தமிழ்ப் படங்களில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு குரல், உச்சத்தில் இருந்த நேரத்தில், ஆண்டுக்கணக்கில் டப்பிங் பேச முடியாமல் நின்றது. அவர் 2023இல் ஒரு பெரிய படத்துக்கு மீண்டும் குரல் கொடுத்தபோது அது செய்தியானது. வேலைக்குத் திரும்பியதே செய்தியாகிற அளவுக்கு விலை கொடுத்திருக்கிறார்.

பத்திரிகையாளர் பிரியா ரமணிக்கு விலை வேறு வடிவத்தில் வந்தது. 2018இல் அவர் அப்போதைய மத்திய இணை அமைச்சர் எம்.ஜே. அக்பரின் பெயரைச் சொன்னார். அக்பர் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். சொன்னவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெண்ணின் கண்ணியத்தைப் பலிகொடுத்து ஒருவரின் நற்பெயரைக் காக்க முடியாது, பல ஆண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதைப் படித்தபோது அழுதேன். ஆனாலும் 2018இலிருந்து 2021 வரை ஓடிய ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

திண்டுக்கல் பகுதியில் 2021 ஜனவரியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். அவர் அந்தப் பெண்ணுக்குத் தொல்லை கொடுத்தது தங்களுக்குத் தெரியும் என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்கு முன், சொல்லியிருந்தால் அவர்கள் வேலை என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி 2022இல் ஓர் ஒப்பந்தம் பெற்றது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களை ஒவ்வொரு உற்பத்திப் பிரிவிலும் வைப்பது, புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதை நிறுவனத்தையும் வாங்குகிற பிராண்டையும் கட்டுப்படுத்தும் விதியாக எழுதுவது இரண்டும் அதில் இருந்தன. ஐந்தாறு படித்த உறுப்பினர்கள் கொண்ட உங்கள் குழு யோசிக்காததைத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் யோசித்தார்கள். பேசினால் என்ன போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அதை முதலில் எழுதி வாங்கினார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். என்னிடம் யாரும் சொல்லாததால் நானே உட்கார்ந்து படித்தேன்.

பிரிவு 12. விசாரணை நடக்கும்போது புகார்தாரர் எழுத்தில் கேட்டால், அவரையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றப் பரிந்துரைக்கலாம். அவருடைய வழக்கமான விடுப்பைத் தொடாமல் மேலும் மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். விதிகளில் இன்னொன்றும் உண்டு: குற்றஞ்சாட்டப்பட்டவர் அவருடைய வேலையை மதிப்பிட்டு எழுதக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கலாம். எனக்கு அந்த விடுப்பு உண்டென்று தெரிந்தது, என் சொந்த விடுப்பெல்லாம் தீர்ந்து சம்பளமும் போன பிறகுதான். கேட்டால்தான் தருவோம் என்கிறீர்கள். இருப்பதே தெரியாதவள் எப்படிக் கேட்பாள்? முதல் நாளே ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இடமாற்றம் பற்றி ஒரு சொல். “உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், கொஞ்ச நாள் வேற பிராஞ்ச்ல இரு” என்று அன்பாகத்தான் சொல்வீர்கள். அந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊரும் அலுவலகமும் பார்ப்பது, புகார் கொடுத்தவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், அவர் தன் நாற்காலியிலேயே இருக்கிறார் என்பதை. அவளாகக் கேட்காமல் அவளை நகர்த்தாதீர்கள். நகர வேண்டியவர் யார் என்று சட்டம் உங்களிடம் விட்டிருக்கிறது.

பிரிவு 15 மீது எனக்கு ஆதங்கம் அதிகம். புகார்தாரருக்கு இழப்பீடு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது: மன அதிர்ச்சி, வேதனை, அதனால் கைநழுவிய தொழில் வாய்ப்பு, உடலுக்கும் மனதுக்கும் ஆன மருத்துவச் செலவு, எதிர்த்தரப்பின் வருமானம், ஒரே தடவையில் தர முடியுமா தவணையில் தர முடியுமா என்பது. அதாவது பேசினால் பெண்ணுக்கு விலை உண்டு என்று சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியும். அதை யார் கட்ட வேண்டும் என்றும் அவர்கள் எழுதிவிட்டார்கள். எதிர்த்தரப்பின் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். அப்படியும் வராவிட்டால் நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்க மாவட்ட அதிகாரிக்கு அனுப்பலாம். இவ்வளவு தெளிவாக இருந்தும், என் விசாரணையில் என் மருத்துவச் செலவு எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதன்பிறகு நான் துணைக்குப் போன புகார்களிலும் அந்தக் கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை. பணம் கேட்டால் பெண் பணத்துக்காகத்தான் புகார் கொடுத்தாள் என்று பேச்சு வரும் என்ற பயம் எங்களுக்கு உண்டு. அதனால் நாங்கள் கேட்கமாட்டோம். நீங்கள் கேளுங்கள். மருந்துச் சீட்டையும் சம்பளப் பிடித்தத்தையும் உங்கள் கோப்பில் சேர்ப்பது உங்கள் கடமை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 16, ரகசியம் காப்பது. இதைப் பற்றி எழுதும்போது என் கை இன்னும் தயங்குகிறது. புகாரின் விவரத்தையும் பெயர்களையும் பொதுமக்களுக்கும் ஊடகத்துக்கும் வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற வந்த பிரிவு. என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதைத் தோழியிடமோ மருத்துவரிடமோ கூடப் பேசக் கூடாது என்பது போலத்தான் எனக்கு விளக்கினார்கள். என் மேலாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் டீக்கடையில் அவர் தரப்புக் கதை நிற்காமல் ஓடியது. நான் ரேட்டிங்குக்காகப் புகார் கொடுத்தேன் என்று ஓடியது. அதை மறுக்கக்கூட எனக்கு வாய் இல்லை. யார் பெயரும் அடையாளமும் வெளிவராத வகையில், நீதி கிடைத்தது என்பதைச் சொல்லலாம் என்று அதே பிரிவு இடம் தருகிறது. அதை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருந்தால், ‘ஒரு புகார் வந்தது, உண்மை என்று தெரிந்தது, நடவடிக்கை எடுத்தோம்’ என்று மூன்று வரியில் ஒரு சுற்றறிக்கை போயிருந்தால், எங்கள் சாப்பாட்டு மேசை காலியாகியிருக்காது என்று நம்புகிறேன்.

பொய்ப் புகார் பற்றிய பிரிவு 14ஐ மட்டும் உங்கள் பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்று அதே பிரிவில் இருக்கும் வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்கும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. அதில் இருப்பவர்களும் இந்த மடலைப் படிக்க வேண்டும். ஒரு சிறிய ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த பெண்ணுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் அவளுக்கு ஒரு நாள் கூலி போனது, பேருந்துச் செலவு தனி. கடைசி அழைப்புக்கு அவள் வரவில்லை. “எதுக்குங்கக்கா, புதுக் கடைல சேந்துட்டேன், லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க” என்றாள். அவள் ஆர்வம் காட்டவில்லை என்று கோப்பில் எழுதி முடித்தார்கள். அவளுடைய மாலை நேரத்தில் ஒரு தடவை கூடியிருந்தால் அவள் வந்திருப்பாள்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது உண்மை. புகார் கொடுத்த பிறகு வருகிற பழிவாங்கலுக்கென்று தனியான பிரிவு அதில் இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் மீதான புகாரைப் பார்த்தது. புகார்தாரரை ஒரு பொறுப்பிலிருந்து நீக்கியது நிர்வாக நடவடிக்கை, துன்புறுத்தலின் தொடர்ச்சி அல்ல என்று சொல்லி, புகார் காலம் கடந்தது என்ற முடிவை உறுதி செய்தது. அத்துடன், அந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இரண்டாவது உத்தரவு எனக்கு ஆறுதல். முதலாவதை மதித்துக்கொண்டே மாறுபடுகிறேன். வேலையில் விழுகிற அடியும் உடம்பில் விழுந்த அடியின் தொடர்ச்சிதான் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் என்ற காலவரையறை, என்ன நடந்தது என்று தனக்குத்தானே ஒத்துக்கொள்ளவே அவ்வளவு காலம் எடுக்கும் பெண்ணுக்குப் போதாது.

ஆனால் ஓட்டை இருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. துன்புறுத்தலோடு தொடர்புள்ள மிரட்டல், வேலையில் பாதகமாக நடத்துவது, வேலையிடத்தைப் பகையான இடமாக்குவது இவையும் பாலியல் துன்புறுத்தலாகலாம் என்று பிரிவு 3(2) சொல்கிறது. புகார்தாரரின் ரேட்டிங் திடீரென்று சரிந்தால், அந்தப் பிரிவின் கீழ் அவரிடம் புதிய புகார் பெற்றுக் கேள்வி கேட்கலாம். முந்தைய இரண்டு ஆண்டு மதிப்பீட்டை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். என்னுடையதை ஒப்பிட்டிருந்தால் சில நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆண்டறிக்கை பற்றியும் கேட்க வேண்டும். ஆண்டுதோறும் நீங்கள் கொடுக்கும் அறிக்கையில் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் எத்தனை கிடக்கிறது, எத்தனை பயிற்சி நடந்தது, என்ன நடவடிக்கை என்று எழுதுகிறீர்கள். 2025 ஜூலையிலிருந்து நிறுவனங்களின் இயக்குநர் குழு அறிக்கையிலும் வந்த, முடிந்த, 90 நாளுக்கு மேல் கிடக்கிற புகார்களின் எண்ணிக்கை வர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் புகார் கொடுத்த பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதற்கு எந்த அறிக்கையிலும் இடம் இல்லை. நான் வேலையை விட்ட ஆண்டின் அறிக்கையில் என் புகார், “முடிக்கப்பட்டது” என்ற எண்ணிக்கையில் ஒன்றாக இருந்திருக்கும். சட்டம் கேட்காததை எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்: கடந்த மூன்று ஆண்டில் புகார் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள், குற்றம் உறுதியானவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணும் அருகருகே வந்தால் உங்கள் நிறுவனத்தைப் பற்றி வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

உங்களுக்கும் இது எளிதில்லை என்று தெரியும். குழுவில் இருக்கிற பலரும் அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவர்கள். உங்கள் ரேட்டிங்கையும் யாரோ எழுதுகிறார்கள். என் விசாரணைக்குத் தலைமை ஏற்ற அம்மையார், கடைசி நாளில் அறைக்கு வெளியே என் தோளைத் தொட்டு, “என்னால இவ்வளவுதாம்மா முடிஞ்சுது” என்றார். அவர் நல்லவர். அதனால்தான் வெளி உறுப்பினர்களிடம் தனியாகக் கேட்கிறேன்: நிறுவனத்தின் பயம் இல்லாத ஒரே ஆள் நீங்கள் என்பதற்காகத்தான் சட்டம் உங்களை உள்ளே உட்கார வைத்தது. அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது, ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் புகார்தாரரின் நிலையையும் சாட்சிகளின் நிலையையும் குழு மறுபடி பார்க்கும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் உங்கள் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள் நீங்கள் மூடிய கோப்புகளை எடுத்து, புகார் கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் போன் செய்யுங்கள். ஹெச்.ஆர். மூலமாக வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம், நீங்களே பேசுங்கள். சம்பளம் என்ன ஆனது, உடம்பு எப்படி இருக்கிறது, நாங்கள் எழுதியதில் எது நடந்தது எது நடக்கவில்லை என்று கேளுங்கள். பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது அவள் உரிமை. பேசினால் குறித்துக்கொண்டு, நிர்வாகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். பரிந்துரையை நிறைவேற்ற நிர்வாகத்துக்கு 60 நாள்தான் சட்டம் தந்திருக்கிறது. எத்தனை கோப்பில் அந்தக் கெடு தாண்டிப் போயிருக்கிறது என்று அப்போது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன் புகார் கொடுத்தவள்,
சென்னை